ஒரே பெட்டியில் கொட்டிய நட்டுகள்

கற்பூரமும் மெஷின் ஆயிலும் கலந்த ஒரு வாசனை உண்டு. ஆயுத பூஜை அன்று ஓசூர் தொழிற்பேட்டையில் எந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் அதுதான் முதலில் வரும். அதற்குப் பிறகுதான் பொரி, கடலை, உடைத்த பூசணிக்காய் எல்லாம்.

அந்த வருடம் நான் போனது வாகனங்களுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக்கொடுக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலைக்கு. அப்போது ஒரு தமிழ் நாளிதழுக்கு ஓசூர் நிருபராக இருந்தேன். பூஜைக்கு வரச்சொல்லி நிர்வாகமும் அழைத்திருந்தது, தொழிலாளர்களும் அழைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே நிகழ்ச்சிக்கு நிருபரைக் கூப்பிடுவது அபூர்வம். அதனாலேயே போனேன்.

தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் நடுவில் புதிதாக நீல வண்ணம் அடித்த ஒரு இரும்புப் பெட்டி வைத்திருந்தார்கள். அதன் இருபுறமும் இரண்டு ஆட்கள், கையில் ஆளுக்கொரு பழைய தகரப் பெட்டியோடு. இடப்பக்கம் நின்றவர் நஞ்சப்பா. உயரமான ஆள், பூஜைக்காக வேட்டி கட்டியிருந்தார். வலப்பக்கம் மாதையன். அவர் அன்றும் கம்பெனிச் சட்டையில்தான் இருந்தார். இருவரும் பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர்கள்.

"என்ன மாதையா, யோசிக்கிற? கொட்டு."

"நீ மூத்தவன். நீ முதல்ல கொட்டு."

"இதுல ஏது மூத்தவன், இளையவன். ஒண்ணா கொட்டுவோம்."

பின்னாலிருந்து யாரோ, "சம்பந்தம் பேசி முடிச்சாச்சு, தாலிய எடுங்கப்பா" என்றார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தன. நட்டும் போல்ட்டும் வாஷரும் இரும்புப் பெட்டிக்குள் விழுந்த சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். பர்சனல் மேனேஜரும் தட்டினார். எங்கள் புகைப்படக்காரர் அந்த நொடியை எடுத்தார். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் படம் வந்தது.

ஒரு நல்ல காரியம் நடப்பதைப் பார்த்தேன் என்றுதான் அன்று நினைத்தேன். அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க நேர்ந்தது. அதைச் சொல்வதற்குத்தான் இந்த வாரப் பத்தி.

வெள்ளைக்காரனும் அமெரிக்காக்காரனும்

அந்த பிரஸ் ஷாப்பில் வயதான இயந்திரங்கள் இரண்டு இருந்தன. இரண்டும் யானை உயரம். இரண்டுமே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செய்யப்பட்டவை. முதலாளியின் தகப்பனார் எங்கோ ஏலத்தில் எடுத்து, லாரியில் கொண்டுவந்து இறக்கியவை. ஒன்று இங்கிலாந்தில் வார்த்தது. மற்றொன்று அமெரிக்காவில். அமெரிக்க இயந்திரத்தின் உடம்பில் அதைச் செய்த ஊரின் பெயர்த்தகடு இருந்தது. அதற்குக் கீழே பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு அடிக்கும் அம்புக்குறியும் இருந்தது. அமெரிக்காவில் பிறந்து, போருக்காக பிரிட்டிஷார் கைக்கு மாறி, கப்பலேறி இந்தியா வந்து, கடைசியில் ஜூஜுவாடி சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் லாரிக்கு பிரேக்கெட் அடித்துக்கொண்டிருந்தது அது.

தொழிலாளர்கள் இவற்றுக்கு எண் சொல்வதில்லை. ஒன்று வெள்ளைக்காரன், இன்னொன்று அமெரிக்காக்காரன்.

"வெள்ளைக்காரன் இன்னிக்கு மூச்சு வாங்குறான்" என்பார்கள். "அமெரிக்காக்காரனுக்கு கிரீஸ் பத்தல" என்பார்கள்.

தொழிற்சாலையில் இரண்டு சங்கங்கள். நஞ்சப்பாவின் சங்கத்தில் பெரும்பாலும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுவார்கள், கொஞ்சம் நிலம் இருக்கும். மாதையனின் சங்கத்தில் அதே நிலங்களில் கூலிக்குப் போனவர்களின் பிள்ளைகள். மாதையனின் அப்பா நஞ்சப்பாவின் அப்பாவை "கவுடரே" என்றுதான் கூப்பிட்டிருப்பார். மாதையன் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குச் சேர்ந்தபின் நஞ்சப்பாவை எந்தப் பெயராலும் கூப்பிடாமல் நெடுநாள் சமாளித்ததாக என்னிடம் ஒருமுறை சொன்னார். "ஸ்பானர் வேணும்னா கிட்டப் போயி நிப்பேன். அவரா பாத்துக் குடுப்பாரு."

வெள்ளைக்காரனைப் பராமரித்தது மாதையனின் ஆட்கள். அமெரிக்காக்காரனை நஞ்சப்பாவின் ஆட்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி உதிரிப் பெட்டி, தனித்தனிப் பூட்டு. ஒருவர் பெட்டியை மற்றவர் தொட்டால் சண்டை வரும். அந்தப் பூட்டுகளைப் பற்றி நானே ஒருமுறை கிண்டலாக எழுதியிருக்கிறேன். அப்படி எழுதியிருக்க வேண்டாம்.

ஷெட்டுக்கு வெளியே

இரண்டு சங்கங்களையும் சேர்த்துவைத்தது வேலைநிறுத்தம். ஒப்பந்த ஊழியர்களாகவே பல வருடம் ஓட்டியவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பது கோரிக்கை. தனித்தனியாகக் கேட்டு இரண்டு சங்கமும் தோற்றிருந்தன. இந்த முறை சேர்ந்து உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை எதிரே ஒரே பந்தல், ஒரே அடுப்பு.

நான் தினமும் போனேன். நஞ்சப்பாவின் ஊரிலிருந்து ராகி மூட்டை டிராக்டரில் வரும். மாதையனின் ஆட்கள் களி கிண்டுவார்கள். முதல் வாரம் வரிசை இரண்டாக நின்றது. மூன்றாவது வாரத்தில் யார் எந்த வரிசை என்று தெரியவில்லை. மாதையன் ஒலிபெருக்கியில் "நஞ்சப்பா அடுத்துப் பேசுவாரு" என்று வெறும் பெயரைச் சொன்னது அந்தப் பந்தலில்தான். நான்கைந்து தலைகள் திரும்பின. நஞ்சப்பா எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

நடுவில் ஒரு நாள் நிர்வாகம் மாதையனை மட்டும் தனியாக அழைத்துப் பேசியது. அவருடைய சங்கத்து ஆட்களில் பாதிப்பேரை உடனே நிரந்தரமாக்குகிறோம், நீங்கள் மட்டும் உள்ளே வாருங்கள் என்றார்கள். அவருடைய ஆட்களின் வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டமாக இருந்த சமயம். மாதையன் போகவில்லை. அப்படி ஒரு அழைப்பு வந்ததையே பந்தலில் சொல்லவில்லை. வேறு வழியாக எனக்குத் தெரிந்தது.

வேலைநிறுத்தம் வென்றது. எல்லோருக்கும் இல்லை. ஆனால் பெரும்பாலோருக்கு ஆணை வந்தது. அந்த உற்சாகத்தில் ஆயுத பூஜைக்கு முன்னால் நஞ்சப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. இனிமேல் இரண்டு பெட்டி எதற்கு?

கவனக்குறைவு

தீபாவளி கழிந்து சில வாரங்களில் விபத்து நடந்தது. வெள்ளைக்காரனின் பெரிய சக்கரத்தை மூடியிருந்த இரும்புக் கவசம் ஓட்டத்தில் கழன்று விழுந்தது. பக்கத்தில் தகடு அடுக்கிக்கொண்டிருந்த சுனில் என்பவரின் இடது பாதத்தில் எலும்பு முறிந்தது. அவர் ஒடிசாவிலிருந்து வந்தவர், ஒப்பந்தத் தொழிலாளி.

இரண்டு நாள் முன்புதான் மாதையன் அந்தக் கவசத்தைக் கழற்றி, பெல்ட்டை மாற்றி, திரும்பப் பூட்டியிருந்தார். பராமரிப்புப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருந்தது. பர்சனல் மேனேஜர் தொலைபேசியில் சொன்னதை வைத்து நான் செய்தி எழுதினேன். "நட்டுகளைச் சரியாக முடுக்காத கவனக்குறைவால்" என்று ஒரு வரி. "நிர்வாகத் தரப்பில் கூறப்படுகிறது" என்று சேர்த்திருக்க வேண்டும். அவசரத்தில் சேர்க்கவில்லை. காயம்பட்டவரை "வடமாநிலத் தொழிலாளி ஒருவர்" என்று எழுதினேன்.

மாதையனைத் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்து குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். உள்விசாரணை முடிந்தால் வேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆவணங்களின் பட்டியலில் நான்காவதாக என் செய்தியின் நறுக்கு இருந்தது.

அதைக் காட்டுவதற்குத்தான் மாதையன் என் அறைக்கு வந்தார். கோபமாக வரவில்லை.

"நான் முடுக்குனேங்க. நீட்டு ஸ்பானர் போட்டு முடுக்குனேன். கையி சொல்லும்ல. இறுகிருச்சுன்னு கையி சொல்லுச்சு."

"பிறகு எப்படிக் கழன்றது?"

"அதாங்க தெரியல. நட்டு ஏறும்போது கொஞ்சம் புடிச்சுது. பழைய மெஷினு, துரு, பெயிண்டு. புடிக்கத்தான செய்யும்னு எண்ணெய் விட்டு இழுத்தேன்." நறுக்கில் அந்த வரியின்மேல் விரலை வைத்தார். "நீங்க எழுதுனதுல மத்ததெல்லாம் சரிங்க. அந்த ஒரு வார்த்தைதான்."

விழுந்த கவசத்தில் ஒட்டியிருந்த ஒரு நட்டை அவர் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது சுற்று

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பணிமனைப் பயிற்றுநராக இருந்த விஜயலட்சுமி எனக்குத் தெரிந்தவர். எந்த இயந்திரச் செய்தி என்றாலும் அவரிடம் சரிபார்ப்பது வழக்கம். இந்தச் செய்தியில் மட்டும் பார்க்கவில்லை. நட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் இழுப்பறையிலிருந்து விசிறிபோல் விரியும் ஒரு சின்னக் கருவியை எடுத்தார். பிட்ச் கேஜ். சீப்புப் பல் போன்ற தகடுகள் அதில் இருக்கும். ஒரு தகட்டை நட்டின் உள்ளே சுற்றியோடும் மரையில் வைத்தார். பொருந்தவில்லை. அடுத்ததை வைத்தார். பொருந்தியது.

"எந்த மெஷின்ல இருந்து விழுந்துச்சுன்னு சொன்னீங்க?"

"இங்கிலாந்து மெஷின்."

"இது அமெரிக்கா நட்டு சார்."

பிறகு விளக்கினார். அரை அங்குல அளவில் பழைய இங்கிலாந்து மரை ஒரு அங்குல நீளத்துக்குப் பன்னிரண்டு சுற்று. அமெரிக்க மரை பதின்மூன்று. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இதை அதில் போட்டால் முதல் இரண்டு சுற்று விரலாலேயே ஏறும். மூன்றாவதில் பிடிக்கும். ஸ்பானர் போட்டு இழுத்தால் இன்னும் கொஞ்சம் போய் இறுகும்.

"இறுகுறது நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல சார். மரையோட மரை மல்லுக்கட்டுது, அவ்ளோதான். கவசத்த அது புடிக்கவே இல்ல. ஃபிட்டருக்குக் கையில டைட்டா தெரியும். மெஷின் ரெண்டு நாள் ஆடுனா விட்டுரும்."

"அனுபவமுள்ள ஃபிட்டர் கவனிக்க மாட்டாரா?"

"பெட்டி சரியா இருக்குன்னு நம்புறவரைக்கும் யாரும் நட்ட எண்ணிப் பாக்க மாட்டாங்க. நீங்க சாப்பாட்டுல உப்பப் போடறப்போ நக்கிப் பாத்தா போடறீங்க?"

நீலப் பெட்டி எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

போரில் ஒரே பக்கம்

கிளம்பும்போது விஜயலட்சுமி தூசி படிந்த ஒரு பொறியியல் கையேட்டைக் கொடுத்தார். "ஒரே பக்கம் நின்னு சண்ட போட்டவங்க சார், ஒருத்தன் நட்டு இன்னொருத்தன் போல்ட்டுல ஏறல. படிச்சுப் பாருங்க." அந்த வாரம் முழுக்க அதையும், கிடைத்த மற்றதையும் படித்தேன்.

அந்த உலகப் போரில் அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் ஒருவருக்கொருவர் என்ன கடன்பட்டிருந்தார்கள் என்பது பற்றி இரண்டு தேசத்திலும் இன்னும் எழுதுகிறார்கள். நீங்கள் வருவதற்கு முன்பே நாங்கள் குண்டுவீச்சில் நின்று தாக்குப்பிடித்தோம் என்பது ஒரு பக்கம். நாங்கள் கப்பல் கப்பலாக அனுப்பாவிட்டால் நீங்கள் எதைக்கொண்டு நின்றிருப்பீர்கள் என்பது மறுபக்கம். இரண்டும் உண்மை. இரண்டு உண்மைகளும் ஒரு மேடையில் நிற்கும்போது சத்தம் வரும். பணக் கணக்கு தனி. அது எனக்குச் சுவாரசியமாகத் தெரியவில்லை.

சுவாரசியமாகத் தெரிந்தவை சிறிய காரியங்கள். அமெரிக்கா போருக்குள் வருவதற்கு முன்பே, பிரிட்டிஷார் தங்கள் ரகசியக் கண்டுபிடிப்புகளை ஒரு கறுப்பு உலோகப் பெட்டியில் வைத்துக் கடல் கடந்து அமெரிக்கர்களிடம் கொடுத்தார்கள். ராடாரை வலுவாக்கிய ஒரு சின்னக் கருவி அதில் இருந்தது. பதிலுக்கு என்ன கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லாத நேரத்தில் திறந்து காட்டிய பெட்டி அது.

இன்னொன்று. ஒரு பிரிட்டிஷ் விமான எஞ்சினைத் தயாரித்துத்தரும் வேலையை ஒரு அமெரிக்கக் கார் கம்பெனி ஏற்றது. எஞ்சினில் இருந்ததெல்லாம் இங்கிலாந்து மரை. அதை வெட்டும் கருவிகள் அமெரிக்காவில் கடையில் கிடைக்காது. நம் மரைக்கு மாற்றிக்கொள்வோம் என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இங்கிலாந்து மரையை வெட்டும் கருவிகளைத் தாங்களே செய்துகொண்டார்கள். எங்கோ ஒரு விமானத் தளத்தில் மெக்கானிக் ஒருவர் இரண்டு நாட்டிலும் செய்த அதே எஞ்சினை ஒரே ஸ்பானரால் கழற்ற வேண்டியிருந்தது. அவருக்கு அவர்கள் பட்ட கடன் அது என்று நான் புரிந்துகொண்டேன்.

மற்ற இடங்களில் மரைகள் பொருந்தாமல்தான் இருந்தன. அதன் அவஸ்தை போர் முழுக்க நீடித்தது. போர் முடிந்து சில வருடங்களில் கனடாவையும் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்து பொதுவான ஒரு மரையை ஒப்புக்கொண்டார்கள். பிரிட்டிஷார் தங்கள் மரைப் பல்லின் ஐம்பத்தைந்து பாகைக் கோணத்தை விட்டு, அமெரிக்கர்களின் அறுபதுக்கு வந்தார்கள். மரையின் அடிப்பள்ளம் பிரிட்டிஷ் வழக்கப்படி உருண்டையாக இருக்கலாம் என்று அமெரிக்கர்கள் ஒப்புக்கொண்டார்கள். அரை அங்குலத்தில் பதின்மூன்று நின்றது. பன்னிரண்டு போனது.

நட்டைத் திருப்பிக் கொடுத்து, இதை மாதையனிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப முழுசா யாரும் தோக்கல. ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ச்சுக்கிட்டாங்க."

"ஆமாம்."

"நாங்க தேய்க்கலைங்க. கொட்டிட்டோம்."

ராகி வயல் ஓரம்

விசாரணையில் பெட்டி கலந்த கதையை யார் சொல்வது என்பதுதான் கேள்வி. குற்றம் சாட்டப்பட்டவரே சொன்னால் தப்பிக்கச் சொல்வதாகிவிடும். நஞ்சப்பா சொல்ல வேண்டும். அவர் சொன்னால், பெட்டிகளைக் கலந்தது தன் யோசனை என்று ஒப்புக்கொள்வதாகும். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அவரை ஃபிட்டர்களுக்குத் தலைமையாள், லீடிங் ஹேண்ட், ஆக்கியிருந்தார்கள். மஞ்சள் ஹெல்மெட் போய் வெள்ளை ஹெல்மெட் வந்திருந்தது. விபத்துக்குப் பின் அவர் மாதையனைப் பார்க்க வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாதையனும் நானும் தேன்கனிக்கோட்டை பஸ் பிடித்தோம். பஸ்ஸில் நான் கேட்டேன், நிர்வாகம் தனியாகக் கூப்பிட்டபோது நீங்கள் போகாததை அவரிடம் சொல்லப்போகிறீர்களா என்று.

"அதெல்லாம் சொல்லிக்காட்டக் கூடாதுங்க. அவங்க வூட்டு ராகியத்தான் நாங்க தின்னோம். அவரு அதச் சொல்லிக்காட்டுனாரா?"

நஞ்சப்பாவின் வீடு காட்டை ஒட்டிய கடைசித் தெரு. ராகி அறுவடை நடந்துகொண்டிருந்தது. முந்தின வாரம் யானை மிதித்த மூலை மட்டும் பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தது. வாசலில் அவருடைய அண்ணன் முனிராஜு உட்கார்ந்திருந்தார். மாதையனைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. எனக்கு நாற்காலி வந்தது. மாதையன் நின்றார். நஞ்சப்பா உள்ளேயிருந்து வந்து, அதைக் கவனித்து, தானும் நின்றார்.

விஷயத்தைச் சொன்னேன். முனிராஜுதான் முதலில் பேசினார். தம்பியிடம் கன்னடத்தில் ஆரம்பித்து, எங்களுக்கும் கேட்கட்டும் என்பதுபோல் தமிழுக்கு மாறினார்.

"ஸ்ட்ரைக்கு முடிஞ்சுபோச்சு. கூட நின்னாங்க, நீயும் நின்ன. சரிக்குச் சரி. இப்ப இவனுக்காகப் போயி நீ மாட்டிக்குவியா? நம்ம வயல்ல கூலிக்கு வந்தவன் பையன், நம்ம வாசல்ல வந்து நின்னு கேக்கறான்."

மாதையன் ஒரு அடி முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு பொருளை எடுத்து நஞ்சப்பாவிடம் நீட்டினார். ஒன்று கவசத்திலிருந்து கிடைத்த நட்டு. மற்றது விஜயலட்சுமி என்னிடம் கொடுத்தனுப்பிய இங்கிலாந்து போல்ட்டு.

"போட்டுப் பாரு. அவ்ளோதான். நான் வேற ஒண்ணும் கேக்கல."

அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். நஞ்சப்பாவின் விரல்கள் நட்டைப் போல்ட்டில் ஏற்றின. ஒரு சுற்று. இரண்டு. நின்றது. கழற்றினார். முனையை வேட்டியில் துடைத்தார். மறுபடி ஏற்றினார். அதே இடத்தில் நின்றது. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு செய்தார். எனக்கு அது விளங்கவில்லை. ஃபிட்டர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று மாதையன் பிறகு சொன்னார்.

"பாக்கறேன்" என்றார் நஞ்சப்பா. நட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அஞ்செட்டி சாலை திருப்பத்தில் மாதையன் ஜன்னலைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "வெள்ள ஹெல்மெட்டுங்க. எங்களுக்கெல்லாம் அது லேசுல வர்றது இல்ல. அவருக்குந்தான்."

ஜன்னலுக்கு வெளியே

உள்விசாரணை அறைக்குள் நிருபருக்கு இடமில்லை. அலுவலகக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்ச் போட்டிருந்தார்கள். அறையின் ஜன்னல் திறந்திருந்தது. பெஞ்சில் எனக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடதுகாலில் மாவுக்கட்டு, மடியில் ஊன்றுகோல். சுனில். சாட்சி சொல்ல வரச்சொல்லியிருந்தார்கள்.

"சார் பேப்பர்ல?" என்றார்.

"ஆமாம்."

"ஆக்ஸிடென்ட் நீங்க எழுதுனது? ரூம்ல பசங்க காட்டுனாங்க. தமிழ் படிக்கத் தெரியாது எனக்கு. என் பேர் எது, எங்க இருக்கு?"

பேர் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். "பரவால்ல சார். ஊருக்கு போட்டோ அனுப்பலாம்னு."

உள்ளே மேனேஜரின் குரலும், கிருஷ்ணகிரியிலிருந்து வந்த வழக்கறிஞரான விசாரணை அதிகாரியின் குரலும் மாறி மாறிக் கேட்டன. பதிவேடு. கையெழுத்து. பத்திரிகைச் செய்தி. அந்த வரியை அதிகாரி உரக்க வாசித்தார். "கவனக்குறைவால்" என்ற சொல் என் குரலில் இல்லாமல் வேறொருவர் குரலில் வந்தபோது அது தீர்ப்பு மாதிரி இருந்தது.

நஞ்சப்பாவைக் காணவில்லை. மணி பதினொன்றைத் தாண்டியது. தாழ்வாரத்தின் கோடியில் ஒரு கைவண்டியின் சக்கரச் சத்தம் கேட்டது. அவர்தான் தள்ளிவந்தார். வண்டியில் நீலப் பெட்டி. தலையில் ஹெல்மெட் இல்லை. எங்களைக் கடந்து அறைக்குள் போனார்.

"என்ன இது?" என்றது அதிகாரியின் குரல்.

"சாட்சி சார்."

"நீங்க நிர்வாகத் தரப்பா, தொழிலாளி தரப்பா?"

"பெட்டித் தரப்புன்னு எழுதிக்குங்க சார்."

யாரோ இருமினார்கள். பிறகு அந்தச் சத்தம் வந்தது. ஆயுத பூஜை அன்று கேட்ட அதே சத்தம். இந்த முறை சிமென்ட் தரையில். கை தட்டல் இல்லை.

நான் எழுந்து ஜன்னலோரம் நின்றேன். தரையில் விரித்த நாளிதழ் மேல் ஒரு குவியல். நஞ்சப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து பிட்ச் கேஜை எடுத்தார். ஒரு நட்டை எடுத்து, கேஜை வைத்து, இடப்பக்கம் போட்டார். அடுத்ததை வலப்பக்கம். நாலைந்து நட்டு போனபின் மாதையன் நாற்காலியை விட்டு எழுந்து எதிரே உட்கார்ந்தார். நஞ்சப்பா கேஜின் இன்னொரு தகட்டை விரித்து அவர் பக்கம் நீட்டினார். இருவரும் ஒரே கேஜை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பிரித்தார்கள்.

அதிகாரி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதைக் கலந்தது யாரு?" என்றார்.

"நான் சார். யோசனை என்னோடது. இந்தாளு அன்னிக்கே யோசிச்சான். நான்தான் கொட்டுடான்னேன்."

"நானுந்தான் சார் கொட்டினேன்" என்றார் மாதையன்.

"நீ சும்மாயிரு, மாதையா. சார் என்னக் கேக்கறாரு." ஒரு நட்டை இடப்பக்கம் போட்டுவிட்டுத் தொடர்ந்தார். "எல்லாரும் கை தட்டுனாங்க சார். மேனேஜர் சாரும் தட்டுனாரு."

"அதுக்கு ஆதாரம்?"

பிறகு மேனேஜர் தொண்டையைச் செருமினார். "படம் பேப்பர்ல வந்திருக்கு சார். நான் தட்டத்தான் செஞ்சேன்."

அந்த மனிதரை அதுவரை நான் சரியாக மதிப்பிட்டிருக்கவில்லை.

விரித்திருந்த நாளிதழில் அரை அங்குல நட்டுகள் இரண்டு சின்னக் குவியலாக நின்றன. அதிகாரி குனிந்து ஒன்றை எடுத்து, தானே ஒரு போல்ட்டில் போட்டுப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் நின்றது.

இரண்டு சாவி

சில வாரங்கள் கழித்து ஆணை வந்தது. மாதையனுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை திரும்பக் கிடைத்தது. நஞ்சப்பாவுக்கும் ஒரு எச்சரிக்கை. வெள்ளை ஹெல்மெட் போனது. "அது தலைக்குப் பெருசாத்தான் இருந்துச்சு சார், கண்ண மறைக்கும்" என்றார். வருத்தம் இல்லாமலில்லை. அண்ணன் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

நான் ஒரு திருத்தம் வெளியிட்டேன். உள்பக்கத்தில், நான்கு வரி. "நட்டின் மரை பொருந்தாததே காரணம் என விசாரணையில் தெரியவந்துள்ளது." செய்தி வந்த அளவுக்குத் திருத்தம் வரவேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டேன். இடமில்லை என்றார். அதில் சுனிலின் பெயர் இருந்தது. நறுக்கைக் கொடுத்தபோது எழுத்து எழுத்தாகக் காட்டச்சொல்லி, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். இரண்டு சங்கங்களும் சேர்ந்து கேட்டதில், கால் தேறும்வரை அவருக்கு உதிரிபாக அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது. வேலைநிறுத்தத்தில் அவரைப் போல வெளிமாநிலத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் கணக்கிலேயே இல்லை. அதை அப்போது நானும் கேட்டதில்லை.

அடுத்த கோடையில் வேறொரு செய்திக்காக அந்தத் தொழிற்சாலைக்குப் போனேன். நீலப் பெட்டி இல்லை. பழைய தகரப் பெட்டிகள் இரண்டும் திரும்ப வந்திருந்தன. ஒன்று வெள்ளைக்காரனின் காலடியில், ஒன்று அமெரிக்காக்காரனின் காலடியில். இரண்டிலும் பூட்டு.

"பழையபடி ஆயிடுச்சா?" என்று சுனிலிடம் கேட்டேன். அவர் தமிழ் அதற்குள் நன்றாகத் தேறியிருந்தது.

"பழையபடி இல்ல சார். சாவி மாறிப்போச்சு. வெள்ளக்காரன் பொட்டிச் சாவி நஞ்சப்பா அண்ணங்கிட்ட. அமெரிக்கா பொட்டிச் சாவி மாதையன் அண்ணங்கிட்ட."

அதாவது, மாதையன் தன் இயந்திரத்துக்கு ஒரு நட்டு எடுக்க வேண்டுமென்றால் ஷாப்பின் நீளம் முழுக்க நடந்து நஞ்சப்பாவிடம் போய்க் கேட்க வேண்டும். நஞ்சப்பாவும் அப்படியே. யார் யோசனை என்று கேட்டேன். சுனிலுக்குத் தெரியவில்லை. வேலை தாமதமாகும் என்று மேனேஜர் முணுமுணுத்ததாகவும், பிறகு விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

நான் நின்றிருக்கும்போதே வெள்ளைக்காரனை நிறுத்தினார்கள். மாதையன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நடந்து வந்தார். நஞ்சப்பா மேஜையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சாவி குடு."

"என்ன சைஸு?"

"அரை இஞ்சு."

நஞ்சப்பா டீ கிளாஸை வைத்தார். இழுப்பறையைத் திறந்து சாவியோடு பிட்ச் கேஜையும் எடுத்துக்கொண்டார்.

"அரை இஞ்சுன்னா சாவிய மட்டும் தர மாட்டேன். நட, நானும் வர்றேன்."